சுழித்திறன்

2012-ஆம் ஆண்டு மேட்டூர் அணை ஜூன் 12-ஆம் தேதி திறக்கப்படவில்லை. செப்டம்பர் 17-இல்தான் திறந்தார்கள். காவிரியின் கடைமடையில் கிடக்கும் திருநள்ளாற்றுப் பகுதியில் அந்த மூன்று மாதங்களும் குறுவை போட்டவர்கள் அனைவரும் ஆழ்குழாய்க் கிணற்றை நம்பி இருந்தார்கள். வாய்க்கால் காய்ந்து வெடித்துக் கிடக்க, வயலுக்கு வயல் மோட்டார் கொட்டகைகளிலிருந்து இரவு பகலாக ஒரே ரீங்காரம். அந்த மூன்று மாதங்களுக்குள் எங்கள் ஐந்து குதிரைத்திறன் மோட்டார் இரண்டு முறை எரிந்தது.

அம்மாவுக்குக் காரணம் உடனே விளங்கிவிட்டது. அப்பாவுக்கு விருச்சிக ராசி. 2011 டிசம்பரில் சனி துலாத்துக்குப் பெயர்ந்திருந்தான், ஏழரை ஆரம்பம். ஊர் ஊராக மக்கள் பேருந்து பிடித்து வந்து நளதீர்த்தத்தில் முழுகித் தோஷம் கழித்துப் போகும் ஊரில், கோயிலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டு நாம் போகாமல் இருக்கலாமா என்பது அவள் வாதம். (உள்ளூர்க்காரர்கள் சனிக்கிழமைகளில் கோயில் பக்கமே போவதில்லை என்பது வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாத செய்தி.) கூட்டமில்லாத ஒரு புதன்கிழமை போய் எள் தீபம் போட்டுவிட்டு வந்தாள். அப்பாவும் நானும் எரிந்த மோட்டாரை ஒரு மினி லாரியில் ஏற்றிக்கொண்டு காரைக்காலில் காயில் கட்டும் கடைக்குப் போனோம்.

வார்னிஷும் கருகிய காகிதமும் கலந்த ஒரு வாசனை அந்தக் கடையில் எப்போதும் இருக்கும். கடைக்காரர் ஐம்பதைத் தாண்டியவர். மோட்டாரைப் பிரித்து, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, டார்ச்சை என்னிடம் கொடுத்தார்.

"பாருங்க தம்பி. மூணு பேஸும் ஒண்ணு போல கருகியிருக்கு. ஒரு பேஸ் போயி எரிஞ்சிருந்தா இப்படி இருக்காது. ரெண்டு கருகி ஒண்ணு பளபளன்னு இருக்கும், இல்லாட்டி ஒண்ணு மட்டும் போயிருக்கும். இது லோ வோல்டேஜ்ல எரிஞ்சது." பிறகு அப்பாவின் பக்கம் திரும்பினார். "ஐயா, ஸ்டார்ட்டர்ல குச்சி வச்சிருந்தீங்களா?"

அப்பா வெளியே சாலையைப் பார்த்தார். மின்னழுத்தம் குறைந்தால் ஸ்டார்ட்டர் தானாக விடுபட்டு மோட்டாரை நிறுத்திவிடும். அது அப்படித்தான் செய்ய வேண்டும். அதை விடுபடவிடாமல் ஒரு வேப்பங்குச்சியைச் செருகி வைப்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். நாற்று வாடிக்கொண்டிருக்கும்போது பத்து நிமிடத்துக்கு ஒரு முறை நின்று போகும் மோட்டாரை வேறென்ன செய்வது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

"வோல்டேஜ் எவ்வளவு நிக்குது?"

415 இருக்க வேண்டிய இடத்தில் 330 இருந்ததை நானே அளந்திருந்தேன். சொன்னேன்.

"கெப்பாசிட்டர் இருக்கா?"

"இருந்துச்சு," என்றார் அப்பா. "அது கரண்டை இழுக்குதுன்னாங்க. கழட்டிப் போட்டுட்டேன்."

கடைக்காரர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, "தம்பி எலெக்ட்ரிகல்தானே படிச்சீங்க? அது என்ன செய்யும்னு ஐயாவுக்குச் சொல்லுங்க" என்றார்.

திறன் காரணியை உயர்த்தும் என்றேன். காரணி என்றால் என்ன என்று அப்பா கேட்டார். மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் இடையேயுள்ள கோணத்தின் கொசைன் என்றேன். அப்பா மரியாதையோடு தலையை ஆட்டினார். பட்டயத் தேர்வில் இதே கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியவன் நான். அந்தக் கடையில் மோட்டாரின் கரிந்த வயிற்றுக்கு முன்னால் நின்றபோது, எனக்குத் தெரிந்தது விடை மட்டும்தான், பொருள் தெரியாது என்பது தெரிந்தது.

பிறகு பல மாதங்கள் அதைத் திரும்பத் திரும்ப யோசித்திருக்கிறேன். என் புரிதலை இங்கே எழுதிப் பார்க்கிறேன். துறை வல்லுநர்கள் பொறுத்தருள வேண்டும்.

நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் ஒரே திசையில் ஓடுவதில்லை. வினாடிக்கு ஐம்பது முறை முன்னும் பின்னும் ஊசலாடுகிறது. மின்னழுத்தம் தள்ள, மின்னோட்டம் நகர்கிறது. பழைய குண்டு பல்பிலோ இஸ்திரிப் பெட்டியிலோ இவை இரண்டும் கைகோத்துச் செல்லும். அழுத்தம் உச்சிக்குப் போகும்போது ஓட்டமும் உச்சியில். போன ஆற்றல் எல்லாம் வெப்பமாகிவிடும். ஒரு துளியும் திரும்பி வராது. இதுதான் ஆக்டிவ் பவர், கிலோவாட்டில் அளப்பது, மின்கட்டண ரசீதில் வருவது. மெய்த்திறன் என்று வைத்துக்கொள்ளலாம்.

மோட்டார் வேறு மாதிரி. அதன் தண்டு சுழல வேண்டுமானால் உள்ளே ஒரு காந்தப்புலம் இருக்க வேண்டும். அந்தப் புலத்தை உண்டாக்க ஆற்றல் வேண்டும். ஆனால் புலம் அந்த ஆற்றலைத் தின்றுவிடுவதில்லை. வாங்கி வைத்துக்கொள்கிறது, அடுத்த கணம் புலம் தளரும்போது அப்படியே திருப்பி அனுப்பிவிடுகிறது. வினாடிக்கு நூறு முறை வாங்கல், நூறு முறை கொடுக்கல். இந்தக் கொடுக்கல் வாங்கலின் அளவைத்தான் ரியாக்டிவ் பவர் என்கிறார்கள். மின்வாரிய ஊழியர்கள் கேவிஏஆர் என்று அதன் அலகின் பெயராலேயே அழைத்துவிடுவார்கள்.

தமிழில் இதை 'எதிர்வினைத் திறன்' என்று மொழிபெயர்ப்பதைப் பார்த்திருக்கிறேன். ஏதோ மெய்த்திறனை எதிர்த்து நின்று மல்லுக்கட்டுவது போன்ற தோற்றத்தைத் தரும் சொல், எனக்குப் பிடிக்கவில்லை. வேலை எதுவும் செய்யாமல் சுற்றில் போய் வரும் ஓட்டத்துக்குப் பள்ளிப் பாடநூல் வைத்த 'சுழித்திறன் மின்னோட்டம்' என்ற பெயர்தான் பிடித்திருக்கிறது. சுழி என்றால் பூஜ்யம். நிகரமாக ஒன்றும் செலவாவதில்லை என்ற பொருளில் வைத்திருப்பார்கள். ஆனால் ஆற்றுச் சுழியும் சுழிதான். பூஜ்யம் என்று கணக்கு சொல்கிறது, கால் வைத்தவனை அது இழுக்கிறது.

ஆங்கில நூல்களில் இதை விளக்க பீர்க் கோப்பை ஒன்றைக் காட்டுவார்கள். பீர் மெய்த்திறன், நுரை சுழித்திறன், கோப்பை முழுவதும் சேர்ந்தது கேவிஏ. நம்மவர்கள் அதைக் கும்பகோணம் டிகிரி காப்பியாக மாற்றிக்கொண்டார்கள். படம் வரைய வசதியாக இருக்குமே தவிர, இந்த உவமை தவறான எண்ணத்தை விதைக்கிறது. நுரை இல்லாமலும் காப்பி காப்பிதான். காந்தப்புலம் இல்லாத மோட்டார் வெறும் இரும்பு.

எங்கள் பக்கத்திலேயே நல்ல உவமை இருக்கிறது. அரசலாறு காரைக்காலில் கடலில் விழும் இடத்தில் நின்று பார்த்தால் தெரியும். நாளுக்கு இரண்டு முறை கடல் ஆற்றுக்குள் ஏறுகிறது, இரண்டு முறை இறங்குகிறது. இக்கரையில் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான். உள்ளே வந்த நீர் எல்லாம் வெளியே போய்விடுகிறது. நாள் முடிவில் கணக்குப் பார்த்தால் அந்த நீரால் ஆற்றுக்கு வரவும் இல்லை, செலவும் இல்லை. ஆனால் அது இல்லாவிட்டால் கோடையில் மணல் மேடிட்டு முகத்துவாரமே தூர்ந்துவிடும். படகு வெளியே போக முடியாது. அதே சமயம், ஏறி இறங்கும் அந்த நீருக்கும் ஆற்றில் அகலம் வேண்டும். வெள்ளக் காலத்தில் மேலிருந்து வரும் தண்ணீர் வடிய வேண்டிய வேளையில் கடல் ஏறி நின்றால் என்ன ஆகும் என்பதை டெல்டாவில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

மின்கம்பியிலும் இதே இடநெருக்கடிதான். வேலை செய்யப் போகும் மின்னோட்டமும் போய்த் திரும்பும் மின்னோட்டமும் ஒரே கம்பியில்தான் செல்ல வேண்டும். கம்பிக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. இரண்டாலும் சூடாகும், இரண்டாலும் அழுத்தம் குறையும். டிரான்ஸ்ஃபார்மரின் மேல் 100 கேவிஏ என்று எழுதியிருப்பதன் பொருளே இதுதான். கிலோவாட் என்று எழுதுவதில்லை. தன் வழியாகப் போகும் மின்னோட்டத்தில் எத்தனை பங்கு உழைக்கிறது என்பது அதற்குக் கவலையில்லை. மொத்தச் சுமைதான் கவலை.

காந்தப்புலத்துக்காகச் செல்லும் மின்னோட்டம் அழுத்தத்துக்குப் பின்தங்கியே வரும். லேகிங் என்பார்கள். சனைச்சரன், மெல்ல நடப்பவன் என்ற பெயர்தான் சனீஸ்வரன் ஆயிற்று என்று படித்தபோது எனக்கு இந்தப் பின்தங்கிய மின்னோட்டம் நினைவுக்கு வந்தது. முப்பது ஆண்டுகளில் ஒரு சுற்று முடிக்கும் அவனுக்கும் வினாடியின் ஐம்பதில் ஒரு பங்கில் சுற்று முடிக்கும் இதற்கும் என்ன உறவு என்று கேட்காதீர்கள். அம்மா சொன்ன காரணம் முற்றிலும் தவறு என்று சொல்ல மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

மின்தேக்கி, அதாவது கெப்பாசிட்டர், இதற்கு நேர்மாறான குணம் கொண்டது. அதில் செல்லும் மின்னோட்டம் அழுத்தத்தை முந்திக்கொண்டு போகும். மோட்டாரின் புலம் ஆற்றல் கேட்கும் கணத்தில் மின்தேக்கி கொடுக்கும் நிலையில் இருக்கிறது. புலம் திருப்பித் தரும் கணத்தில் அது வாங்கும் நிலையில். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டால் அவை தமக்குள்ளேயே கொடுத்து வாங்கிக்கொள்ளும். எங்கோ இருக்கும் மின்நிலையத்திலிருந்து அந்தக் கடன் வந்து போக வேண்டிய தேவை அந்த அளவுக்குக் குறைந்துவிடும்.

கட்டிய மோட்டாரைத் திரும்ப மாட்டிய அன்று கடைக்காரரே வந்திருந்தார். 2 கேவிஏஆர் மின்தேக்கி ஒன்றும் கொண்டுவந்தார். அதை ஸ்டார்ட்டருக்குப் பிறகு, மோட்டாரோடு சேர்ந்து அணையும்படி இணைத்தார். மோட்டார் நின்ற பிறகும் மின்தேக்கி மட்டும் லைனில் கிடந்தால் இரவில் அழுத்தம் ஏறுவதற்கு அதுவும் காரணமாகும் என்றார். "ஆஃப் பண்ணின ஒடனே அது மேல கை வச்சிராதீங்க ஐயா, கொஞ்ச நேரம் உசுரு இருக்கும்" என்றும் எச்சரித்தார். சுற்றியுள்ள மோட்டார்கள் ஓய்ந்து அழுத்தம் 415-க்கு வந்த பின்னிரவில் ஓட்டிப் பார்த்தோம். மின்தேக்கி இல்லாமல், கம்பியில் கிளாம்ப் மீட்டரைப் போட்டபோது 8.4 ஆம்பியர். மின்தேக்கியை இணைத்த பிறகு 6.8. தண்ணீர் அதே வேகத்தில் கொட்டிக்கொண்டிருந்தது.

அப்பா மீட்டரைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். மின்தேக்கிக்கும் மோட்டாருக்கும் நடுவே உள்ள கம்பியில் போட்டுப் பார்த்தார். அங்கே 8.4-தான். மோட்டார் தன் தேவையில் துளியும் குறைத்துக்கொள்ளவில்லை. மின்தேக்கிக்குப் போகும் கம்பியில் 2.8.

"வெளியேருந்து 6.8 வருது. டப்பாவிலேருந்து 2.8. ரெண்டும் சேந்தா 9.6. மோட்டாருக்குள்ள போறது 8.4. கணக்கு உதைக்குதே" என்றார்.

என் படிப்பில் எந்தப் பேராசிரியரும் கேட்காத கேள்வி. எதிர்பாராமல், என்னால் அதற்குப் பதில் சொல்லவும் முடிந்தது. உழைக்கும் மின்னோட்டமும் சுழலும் மின்னோட்டமும் ஒரே திசையில் நிற்பவை அல்ல, செங்குத்தாக நிற்பவை. கிழக்கே மூன்று அடியும் வடக்கே நான்கு அடியும் நடந்தவன் புறப்பட்ட இடத்திலிருந்து ஏழடி தள்ளி இல்லை, ஐந்தடி தள்ளித்தான் இருக்கிறான். எங்கள் மோட்டாருக்கு உழைப்புக்கான ஓட்டம் 6.3 ஆம்பியர், புலத்துக்கான ஓட்டம் 5.5. இரண்டும் செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்கள், கர்ணம் 8.4. மின்தேக்கி 5.5-இல் பாதியைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. மீதி 2.7-ம் 6.3-ம் சேர்ந்த கர்ணம் 6.8. வயல் அளக்கத் தெரிந்தவருக்கு இது போதுமானதாக இருந்தது. கொட்டகைத் தரையில் குச்சியால் வரைந்து காட்டினேன். (அதே வேப்பங்குச்சிதான்.)

இந்த முக்கோணத்தை மின்பொறியாளர்களின் அன்றாடக் கருவியாக ஆக்கியவர் சார்லஸ் ஸ்டெயின்மெட்ஸ். ஜெர்மனியின் பிரெஸ்லாவ் நகரில் பிறந்தவர். பிறவியிலேயே கூன் முதுகு, நான்கடி உயரம். சோஷலிசத் தொடர்பினால் காவல்துறைக்குத் தப்பி 1889-இல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். 1893-இல் சிகாகோவில் நடந்த பன்னாட்டு மின்னியல் மாநாட்டில் மாறுதிசை மின்னோட்டக் கணக்குகளைச் சிக்கலெண்களைக் கொண்டு போடும் முறையை விளக்கினார். அதுவரை நுண்கணிதத்தைப் போட்டு உருட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு அது வெறும் கூட்டல் கழித்தல் ஆயிற்று. கற்பனை எண் என்று கணிதக்காரர்கள் பெயர் வைத்த ஒன்று, எங்கள் கொட்டகையில் கம்பியைச் சுடாக்கிக்கொண்டிருந்ததை நினைத்தால் இப்போதும் வியப்பாக இருக்கிறது.

அடுத்த பத்தாண்டு முடிவதற்குள் இந்த அறிவு காவிரிக்கே வந்துவிட்டது. 1902-இல் மைசூர் அரசு சிவசமுத்திரம் அருவியில் நீர்மின்நிலையம் அமைத்து, சுமார் 147 கிலோமீட்டர் தொலைவிலிருந்த கோலார் தங்கச் சுரங்கத்துக்கு மின்சாரம் அனுப்பியது. உலகத்தின் நீண்ட மின்பாதைகளுள் ஒன்றாக அன்று அது இருந்தது. அதன் அதிர்வெண் வினாடிக்கு 25 சுற்று. இன்றைய 50-இல் பாதி. அதிர்வெண் பாதியானால் நீண்ட கம்பியே தனக்காக விழுங்கும் சுழித்திறனும் பாதியாகக் குறையும். ஏனென்றால் மோட்டாருக்கு மட்டுமல்ல, ஓட்டம் செல்லும் கம்பிக்கும் தன்னைச் சுற்றி ஒரு காந்தப்புலம் உண்டு. அதுவும் கடன் கேட்கும். இதனால்தான் சுழித்திறனை வெகுதூரம் அனுப்ப முடிவதில்லை. மெய்த்திறனை நெய்வேலியிலிருந்தோ கூடங்குளத்திலிருந்தோ கொண்டுவரலாம். சுழித்திறன் போகிற வழியிலேயே கரைந்துவிடும். அது அக்கம்பக்கத்தில்தான் கிடைக்க வேண்டும். திருமலைராயன்பட்டினத்தில் எரிவாயுவில் இயங்கும் 32.5 மெகாவாட் நிலையம் ஒன்று 2000-ஆம் ஆண்டில் உற்பத்தியைத் தொடங்கியது. இவ்வளவு சிறிய நிலையம் எதற்கு என்று கல்லூரி நாட்களில் ஏளனமாக நினைத்திருக்கிறேன். கடைமடையில் ஒரு ஜெனரேட்டர் இருப்பதன் அருமை அதன் மெகாவாட்டில் மட்டும் இல்லை என்பது பின்னால்தான் தெரிந்தது.

இனி அந்த மூன்று மாதங்களில் நடந்ததை ஊகிப்பது கடினமல்ல. ஆற்றில் தண்ணீர் இல்லை. எல்லா மோட்டாரும் ஓடுகின்றன. எதிலும் மின்தேக்கி இல்லை. எங்கள் மோட்டாரைப் போன்ற ஒன்று ஏறத்தாழ 6 கேவிஏ கேட்கும். அப்படியானால் 100 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று பதினாறு மோட்டார்களைத் தாங்கும். ஆளுக்கொரு மின்தேக்கி இருந்தால் இருபது மோட்டார்களைத் தாங்கும். சுமை மிகுந்ததும் கடைசிக் கொட்டகையில் அழுத்தம் சரிகிறது. மோட்டாரின் சுழல்விசை அழுத்தத்தின் இருமடியைச் சார்ந்தது: 415 என்பது 330 ஆனால் விசை 63 சதவீதம்தான். தண்ணீர்ப் பளுவோ குறையவில்லை. எனவே மோட்டார் அதிக மின்னோட்டத்தை இழுக்கிறது, அதனால் கம்பியில் அழுத்தம் மேலும் சரிகிறது, மேலும் இழுக்கிறது. காவலுக்கு இருக்கும் ஸ்டார்ட்டரின் வாயில் குச்சி.

இதே சரிவு நகரங்களையே இருட்டாக்கியிருக்கிறது. 1987 ஜூலை 23, தோக்கியோவில் கடும் வெயில். மதிய உணவு முடிந்து எல்லோரும் வேலைக்குத் திரும்பியதும் குளிர்சாதனங்களின் சுமை விறுவிறுவென்று ஏற, அழுத்தம் சரிந்து சுமார் 28 லட்சம் வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் நின்றது. 2003 ஆகஸ்ட் 14-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஐந்து கோடிப் பேரை இருளில் ஆழ்த்திய நிகழ்வின் தொடக்கத்தில், ஓஹையோ மாநிலத்தில் ஒரு நிலையம் கூடுதல் சுழித்திறன் கொடுக்க முயன்று நின்றுபோனது இருக்கிறது. குறைந்தால்தான் ஆபத்து என்றில்லை. 2025 ஏப்ரல் 28-இல் ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருண்டபோது நடந்தது இதன் தலைகீழ்: சுழித்திறனை உள்வாங்கி அழுத்தத்தைக் கட்டுக்குள் வைக்கப் போதிய ஏற்பாடு இல்லாமல், அழுத்தம் ஏறி, நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விலகிக்கொண்டன.

இவ்வளவு பெரிய விஷயம் நம் வீட்டு மின்கட்டண அட்டையில் ஏன் இல்லை என்று அப்பா ஒருமுறை கேட்டார். வீட்டு மீட்டர் மெய்த்திறனை மட்டுமே கட்டணத்துக்கு எடுத்துக்கொள்கிறது. வயல் மோட்டார்களுக்கோ நெடுங்காலமாகக் குதிரைத்திறன் கணக்குதான், மீட்டரே கிடையாது. பெரிய ஆலைகளுக்குத் திறன் காரணி குறைந்தால் அபராதம் உண்டு. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் நின்ற பழைய காற்றாலைகள் மின்சாரம் தரும்போதே தம் காந்தப்புலத்துக்காக வாரியத்திடமிருந்து சுழித்திறனை இழுத்துக்கொண்டிருந்தன. அது உற்பத்தியில் பத்து சதவீதத்தைத் தாண்டினால் கட்டணம் இரட்டிப்பு. மாநிலங்களுக்கிடையே இன்னும் நுட்பமான ஏற்பாடு: அழுத்தம் 97 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்போது சுழித்திறனை இழுப்பவர் பணம் கட்ட வேண்டும், 103 சதவீதத்துக்கு மேலே இருக்கும்போது அதைத் தள்ளிவிடுபவர் கட்ட வேண்டும். பெரியவர்களுக்குள் கணக்கு இருக்கிறது. கடைசிக் கொட்டகையில் இல்லை. அங்கே அந்தக் கணக்கு எரிந்த காயிலாக வந்து சேர்கிறது.

திருநள்ளாற்றுக் கோயிலில் ஒரு கணக்கன் கதை உண்டு. நாள்தோறும் கோயிலுக்குப் பால் அளக்கும்படி ஓர் இடையனுக்கு அரசன் கட்டளையிட்டிருந்தான். கோயில் கணக்கன் அந்தப் பாலைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்க்கொண்டு, கோயிலுக்கு அளந்ததாக ஏட்டில் எழுதினான். இடையனை மிரட்டியும் வைத்திருந்தான். சிவன் ஏவிய சூலம் வருவதற்கு வழிவிட்டுப் பலிபீடம் சற்றே விலகியது, கணக்கன் தலை விழுந்தது என்பது தலபுராணம். பலிபீடம் இன்றும் விலகித்தான் இருக்கிறது. இடையனுக்கும் அவன் மனைவிக்கும் மட்டுமின்றி அந்தக் கணக்கனுக்கும் அங்கே இடம் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஏட்டில் எழுதியதற்கும் வந்து சேர்ந்ததற்கும் உள்ள தூரம் புதிதல்ல. காவிரி நடுவர் மன்றம் 2007-இல் புதுச்சேரிக்கு, அதாவது காரைக்காலுக்கு, 7 டிஎம்சி என்று எழுதியது. உச்ச நீதிமன்றம் 2018-இல் அதை மாற்றவில்லை. வாய்க்காலில் நின்று பார்ப்பவருக்கு டிஎம்சி தெரிவதில்லை. மின்சாரத்தில் ஒரு வித்தியாசம் என்னவென்றால், இங்கே யாரும் திருடவில்லை. ஏட்டில் அந்தப் பத்தியே இல்லை.

எங்கள் மின்தேக்கியால் மட்டும் எங்கள் கொட்டகையின் அழுத்தம் எவ்வளவு ஏறியது? பகலில் அளந்தேன். 330 இருந்த இடத்தில் 336. என் முகம் விழுந்தது. நாங்கள் விட்டுக்கொடுத்த இடம் அந்த லைனில் இருந்த எல்லோருக்கும் பகிர்ந்து போய்விட்டது. எங்களை அழுத்திக்கொண்டிருந்ததோ மற்றவர்களுடைய சுழித்திறன்.

அப்பா அந்த எண்ணை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். தரையில் வரைந்த முக்கோணம் கொஞ்சம் அழிந்து கிடந்தது. "அப்ப மேல இருக்கிறவனுங்க மாட்டினாத்தான் நமக்கு" என்றார். "மடை மாதிரிதான்."

எங்களுக்கு நேர் மேலே உள்ள கொட்டகைக்காரரோடு எங்களுக்குப் பதினோரு ஆண்டுகளாகப் பேச்சு வார்த்தை இல்லை. காரணம் மடைதான். இரவில் மடையைத் திறந்தது யார் என்பதில் தொடங்கிக் காவல் நிலையம் வரை போய் வந்தது. அவர் வீட்டுத் துக்கத்துக்குக்கூட அப்பா போகவில்லை.

நான் சென்னைக்குத் திரும்பிய மறுவாரம் அம்மா தொலைபேசியில் சொன்னாள். அப்பா காரைக்காலுக்குப் போய் இன்னும் ஒரு மின்தேக்கி வாங்கிவந்தாராம். ஆயிரம் ரூபாய்க்குள்தான். அதைக் கடைக்காரரிடமே கொடுத்து, மேல் கொட்டகையில் மாட்டச் சொல்லி அனுப்பியிருக்கிறார். யார் கொடுத்தது என்று சொல்ல வேண்டாம், சும்மா கம்பெனி விளம்பரத்துக்குக் கொடுக்கிறார்கள் என்று சொல்லிவிடு என்றாராம். அந்த மனிதர் நம்பவில்லை. காலனாப் பெறாத வெல்லக்கட்டியைக்கூட எந்தக் கம்பெனியும் இந்த வயலுக்குள் வந்து சும்மா கொடுத்ததில்லை என்று சொல்லி, டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பில் நடந்து எங்கள் கொட்டகைக்கே வந்துவிட்டார்.

"இது கரண்டை இழுக்குமாமே?" என்று கேட்டாராம்.

அப்பா குச்சியை எடுத்துக்கொண்டு தரையில் குந்தினார் என்றாள் அம்மா.